ரெண்டாவது டிஸ்குக்கும் ஒரு பொட்டு

எங்கள் ஏலத்தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் மேலும் கீழுமாக இரண்டு டிஸ்குகள் இருக்கும். இரண்டிலும் சந்தனப் பொட்டு. வைத்தது நான்தான். நான் ஜீப் ஓட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது, அல்லது நான் அதை.

முதல் வருஷ ஆயுத பூஜைக்கு மேல் டிஸ்குக்கு மட்டும்தான் வைத்தேன். அதற்குள் சந்தனம் தீர்ந்துவிட்டது. "ரெண்டும் கண்ணாடி மாதிரிண்ணே. இதுல எழுதுறது அதுலயும் இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பாத்துக்கிடும்" என்று கம்ப்யூட்டர் தங்கச்சி சொல்லியிருந்தாள். அந்த லினக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சரி, பொட்டும் தானாகப் போய்ச் சேரும் என்று விட்டுவிட்டேன்.

சாந்தன்பாறைப் பக்கம் காட்டு யானை சொல்லிக்கொண்டு வராது. காவலாள் பார்த்துச் சொன்னதும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் போன்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது அந்தக் கம்ப்யூட்டர்தான். அந்த வருஷம் ஐப்பசித் துலாமழையில் இடி விழுந்து கரண்ட் போய் வந்த ஒரு காலையில் அது எழவில்லை. மேல் டிஸ்க் செத்திருந்தது. அந்நேரம் பார்த்துக் காவலாள் கூப்பிட்டார்: ஓடைக்கு மேலே ஒற்றை யானை. பெண்கள் அந்தப் பாதையில் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களைத் தடுக்கச் சொல்லித் தங்கச்சி என்னைத் துரத்தினாள். ஜீப்பைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, "ஆனை நிக்குது, போகாதீய" என்று கத்தினேன்.

"போன மாசமும் ஆனைன்னு வெரட்டிட்டு எங்க சோத்தத் தின்னவுகதான நீங்க? மெசேஜ் ஒண்ணும் வரலையே" என்றாள் முன்னால் வந்தவள்.

வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த பெயர். கையெடுத்துக் கும்பிட்டேன், அதற்கும் சிரித்துவிட்டு, ஜீப்பைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் அத்தனை போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. நின்றார்கள். என் பேச்சுக்கு ஒரு மிஷின் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பிப் போனால், தங்கச்சி ஒரு பென் டிரைவைச் செருகி அதன் தயவில் கம்ப்யூட்டரை எழுப்பியிருந்தாள். கீழ் டிஸ்கில் எல்லாம் பத்திரமாக இருந்தது. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "கீழ உள்ளதுக்குப் பொட்டு வைக்கலம்மா. கோவிச்சுக்கிடுச்சு போல."

அவள் சிரிக்கவில்லை. "நானும் அதத்தாண்ணே செஞ்சேன். மிஷின எழுப்பிவிடுற புரோகிராம மேல உள்ளதுல மட்டும் போட்டேன். கண்ணாடி அதையும் காட்டும்னு நெனச்சிட்டேன்."

"அப்ப ஸ்டெப்னி இருந்துச்சு, ஜாக்கிதான் இல்ல."

"கழட்டி மாட்டிப் பாக்காத ஸ்டெப்னிண்ணே."

புது டிஸ்க் வந்ததும் இரண்டிலும் அந்தப் புரோகிராமைப் போட்டாள். மேலே உள்ளதைக் கழற்றி எழுப்பினாள், எழுந்தது. திரும்ப மாட்டி, இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருந்து, கீழே உள்ளதைக் கழற்றினாள், அப்போதும் எழுந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆயுத பூஜை இதுதான்.

இப்போது அவளுக்குப் பீர்மேட்டில் வேலை. இந்த வருஷம் நானே மேல் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழித்துக்கொண்டது. சட்டைப் பையில் என் போனும் கிணுகிணுத்தது: சோதனைச் செய்தி. அவள் நம்பரை நாங்கள் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. உடனே பீர்மேட்டிலிருந்து பதில் வந்தது: "ரெண்டுக்கும் வச்சீயளா?"

விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.