என் விரல் நம்பவில்லை

இது சத்தியமாக நடந்தது, கண்ணுகளா. அதுவும் பட்டப்பகலில். இருட்டில் ஏதோ தெரிந்து பயந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள் நான். நர்ஸுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் கையைப் பிடித்தாலும் என் இரண்டு விரல் தானாகப் போய் நாடியில் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியையும் விட்டதில்லை.

எனக்கென்று இருந்தது ஒரே தங்கை. தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் காஜா எடுப்பவள். இதயத்தில் வால்வு பழுது. எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறி வருவதற்குள் நாலு இடத்தில் உட்காருவாள். ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைசியில், தலையில் கை வைத்தே நோயைத் தீர்க்கிறார் என்று ஒருவரைக் கூட்டி வந்தேன். எல்லோரும் அவரைக் கைக்காரர் என்பார்கள்.

திங்கட்கிழமை. சாயங்காலம் மணி நாலு பத்து. ஒரு கையை அவள் தலையில் வைத்தார். இன்னொன்றை என் தலையில் வைத்தார். கண்ணை மூடினோம். தங்கை நீளமாக ஒரு மூச்சு விட்டாள்... அப்புறம் சத்தமே இல்லை.

"குணமாயிடுச்சு. ஏழு நாளைக்கு யாரும் சோதிச்சுப் பாக்கக் கூடாதும்மா. பாத்தா, நம்பலைன்னு அர்த்தம். அதோட போயிடும்."

தங்கை எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, இந்த ஏழு நாளும் உன் கையைப் பரண்ல போட்டு வை," என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினாள். மூட்டுவலிக்காரி நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன். கீழ்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, அக்காவும் தங்கையும் ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டார். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம்கூட...

புதன்கிழமை போட்ட சோறு போட்டபடியே இருந்தது. பசிக்கவில்லை என்றாள். கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று தலை வாரினாள். கண்ணாடி மங்கவே இல்லை.

வியாழன், வெள்ளி. சுவரோரமாக எறும்பு வரிசை. எங்கே போகிறது என்று பார்த்தேன்... அவள் கட்டிலுக்கு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம். சந்தேகப்பட்டால் அவள் போய்விடுவாள். நம்புகிறேன், நம்புகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைத்தேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

சனிக்கிழமை. மதியம் மூணு இருபத்தைந்து. நாளை ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும்.

"கையைப் பிடிச்சுக்கோக்கா. குளிருது."

பிடித்துக்கொண்டேன்.

டிக்... டிக்... சுவர்க் கடிகாரம்.

என் இரண்டு விரல் நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை, கண்ணுகளா.

டிக்... டிக்...

கடிகாரம் மட்டும்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"பாத்துட்டியாக்கா?"

"இல்லடி. நான் நம்புறேன்."

"நீ நம்புறக்கா. உன் விரல்தான் நம்பல."

அவள் கை கனத்தது.

நாலு நாற்பதுக்கு டாக்டர் வந்தார். எப்போது இறந்தாள் என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அஞ்சு நாளாவது ஆயிருக்கும்மா."

அப்படியென்றால் திங்கட்கிழமை. அந்த ஒரு நீள மூச்சு.

பின்னே, செவ்வாய்க்கிழமை படி ஏறியது யார்? கீழ்வீட்டு டீச்சரும்தானே பார்த்தார்?

இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்குக் கைக்காரர் இன்னொரு கையை என் தலையில்தான் வைத்திருந்தார். அதற்கப்புறம் எனக்கு மூட்டுவலியே வந்ததில்லை.

என் மணிக்கட்டை நான் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

என்னைப் பார்க்க வந்தால் தாராளமாகக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. விரலை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள்...