பள்ளிக்கூட வீட்டில் ஒரு பெரட்டு

தெய்வானை அக்கா இறந்து போய்விட்டார் என்று ஈப்போ பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னபோது, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயும் போகிறவரா அவர்? அவரை அறிந்த உங்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

எழுபதுகளின் இறுதியில் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பிள்ளைகள் போனதும் நான் பாடம் நடத்திய பள்ளியும் மூடப்பட்டது. தோட்டத்து மருத்துவமனையில் ஆயாவாக இருந்த அக்கா, பழைய முதலாளியிடம் வாய்ச்சொல்லாக அனுமதி வாங்கி, அந்தப் பள்ளிக்கூடத்தைக் குடியிருப்பாக்கினார். தோட்டத்து லய வீடுகளை இழந்த முதியவர்கள், தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் குணமாகியும் வீட்டார் சேர்க்காதவர்கள், எல்லாருக்கும் அங்கே இடம். பலகை அடித்து வகுப்பறைகளைச் சிறு அறைகளாகத் தடுத்தோம். "கரும்பலகையைக்கூட விடலையா அக்கா?" என்றேன். "அதுக்குப் பின்னால ஒரு ஆளு படுக்கலாம் லா. நீங்க எழுதினது போதும் சார்," என்றார்.

ஒரு காலையில் புதிய முதலாளியின் மேனேஜர் பூட்டோடு வந்து இறங்கினார். உள்ளே ஆள் இருந்தால் அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். காலியாக இருந்தால் அன்றே பூட்டி, பிறகு இடித்துவிடலாம். அவர் முன்பு எங்கள் தோட்டத்திலேயே கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். எங்கள் ஆட்களை நன்றாக அறிந்தவர். வாசலில் மணியாகத் தொங்கிய இரும்புத் துண்டை ஓங்கி அடித்தார். காலமெல்லாம் பால்மரம் சீவியவர்கள், விடியலில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு என்று எண்ணி, வெளியே வந்து திடலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். மற்றவர்களும் அவர்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"பாருங்க சார், உள்ள ஆளே இல்ல," என்றார் மேனேஜர். "உள்ளே போங்க!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. பேர் கூப்பிடாமல் வரிசை கலைவது எங்கள் தோட்டத்தில் கிடையாது.

அக்கா வாசற்படியில் ஏறி நின்றார். "இன்னைக்குப் பெரட்டு நான் எடுக்குறேன். பேர் சொன்னா அவங்கவங்க ரூமுக்குப் போயி நில்லுங்க. முனியாண்டி!"

மனநல மருத்துவமனையின் பூட்டிய அறைகளில் பாதி ஆயுளைக் கழித்த முனியாண்டி அண்ணன், மேனேஜர் கையிலிருந்த பூட்டையே பார்த்து நடுங்கினார். மேனேஜர் சிரித்தார். எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

"நானும் உள்ளதான் வாரேன் அண்ணே. பூட்டுனா ரெண்டு பேரையும் சேத்துத்தான் பூட்டணும். போங்க," என்றார் அக்கா.

முனியாண்டி அண்ணன் தலை குனிந்தபடி பூட்டைக் கடந்து உள்ளே போனார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். கடைசியில், "தெய்வானை!" என்று தன் பேரையும் தானே கூப்பிட்டு, "இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டு அக்காவும் போனார். மேனேஜர் பூட்டோடு திரும்பினார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது, கடைசியில் வீடு எங்களுக்கே நின்றது. வந்த புதிதில் கதவைச் சாத்தினாலே அழுத முனியாண்டி அண்ணன், இப்போது தன் அறையைத் தானே உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு தூங்குகிறார். அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைத்தான்.