ஹாம் ஃப்ரிட்ஜில்தானே இருந்தது?

மைசூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கோல்டு கட்ஸ் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் கௌதள்ளி. வேகவைத்துப் பதப்படுத்திய இறைச்சியை மெல்லிசாக ஸ்லைஸ் போட்டு விற்பதுதான் கோல்டு கட்ஸ். சிக்கன் ஹாம், சலாமி எல்லாம் அதில் அடக்கம். என் மண்டையைக் குழப்பிய கேஸ் ஒன்றைப் புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் என்ற வாடிக்கையாளர் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட வாங்கின ஹாமை நேத்து காலைல சாப்பிட்டு என் வைஃபுக்கு மறுபடியும் வயித்துப்போக்கு, காய்ச்சல். ட்ரிப்ஸ் ஏறிட்டிருக்கு. போன தடவையும் இதேதான். அவ கர்ப்பமா இருக்கா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குழந்தைக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆவி பறக்கச் சூடு பண்ணாம இதைக் கொடுக்கவே கூடாதுங்களே" என்றேன்.

"அவளுக்கு ஜில்லுனு சாப்பிடத்தான் ஆசை. ஃப்ரிட்ஜ்ல இருக்கற சாமான்தானேன்னு விட்டுட்டோம்."

"ஃப்ரிட்ஜ்லயேதான் இருந்துச்சுங்களா?"

"ஆமா அண்ணா. நானே வெச்சேன், நானே எடுத்தேன்."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அப்படியானால் தப்பு எங்கள் பக்கம்தான் என்று ஸ்லைசரைக் கழற்றிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. சில்லர் டெம்பரேச்சர் சரி, தேதியும் சரி. அதே ஹாமில் ஸ்லைஸ் வாங்கிய மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானே ஒரு துண்டு தின்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சரக்கும் சரி, வீட்டு ஃப்ரிட்ஜும் சரி என்றால் அந்தப் பெண் ஏன் படுத்தாள்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மேனேஜர் கை கழுவிவிட்டார். "ரிஃபண்ட் கொடுத்து அனுப்பு. ஆராய்ச்சி எல்லாம் பேடப்பா, வேண்டாம்" என்றார். ரிஃபண்ட் கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்து போய்விடுமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. ஹரீஷிடம் சொல்லிவிட்டு ஒரு தெர்மாமீட்டரோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆபீஸ் போயிருந்தார். அம்மா சாரதம்மா கதவு திறந்தார். மருமகள் திவ்யா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்தாள். சின்ன வீடு. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே சாமி அலமாரி. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று டிகிரி. என் சில்லரைவிட ஒழுங்கான ஃப்ரிட்ஜ். இன்னும் குழம்பிப் போனேன்.

குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பால்கனி கண்ணில் பட்டது. ஒரு பக்கெட் தண்ணீரில் மூடி போட்ட தூக்குச் சட்டி.

"அது என்னங்க அம்மா?"

"நேத்து வெச்ச கோழிக் குழம்பு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லியா? சாமி பக்கத்துல கவுச்சி இருக்கக் கூடாது. காலைல வெளில வெச்சிட்டு, சாயங்காலம் விளக்கேத்தினதும் மறுபடி உள்ள வெச்சிடுவேன்."

"அப்போ அந்த ஹாம்?"

"அதையும்தான். நோடி, இங்க பாருங்க, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் பண்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே."

ஆகியிருக்காதுதான். குழம்பை மறுநாள் கொதிக்க வைத்துத்தானே சாப்பிடுவார்கள்? ஹாமை யார் கொதிக்க வைத்தார்கள்? ஹரீஷ் ஆபீஸ் போன பிறகு பாக்கெட் பால்கனிக்குப் போகும், அவர் வருவதற்குள் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிவிடும். பகல் பூராவும் வெளியே கிடந்ததை சனிக்கிழமை காலையில் ஜில்லென்று எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள் அந்தப் பெண். ஒருமுறை கெட்டதை மறுபடி குளிர வைத்தால் நல்லதாகிவிடாது. அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

சாரதம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவ ட்ரிப்ஸ் ஏத்திட்டுக் கிடந்தது என்னாலயா?"

"தெரிஞ்சு பண்ணலைங்களே" என்றேன்.

"எம் பையன்கிட்ட சொல்லிடாதீங்க."

திவ்யா சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நானே சொல்லிக்கறேன் அத்தே" என்றாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்து வெச்சோம்னு."

குழந்தை பிறக்கும்வரை ஹாமே வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இந்தக் கேஸுக்கு முன்னால், ஹாம் வாங்க வருகிறவர்களிடம் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பிறகு, "உங்க வீட்ல எந்தக் கிழமை கவுச்சி ஆகாதுங்க?" என்றும் கேட்க ஆரம்பித்தேன். அந்த நாளுக்கு முன்னால் தீர்ந்துபோகிற அளவுதான் வெட்டித் தருவேன். ஒருவர், "ஜோசியமும் பாக்கறீங்களா?" என்று கேலி செய்தார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று சிரித்தேன். ஆனால் அவர் பதில் சொல்லும்வரை ஸ்லைசரை ஆன் செய்யவில்லை.