கயிறு என் கையில்தான் இருந்தது

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற சாலையில், ஊரைத் தாண்டி மனை பிரித்து விற்ற இடம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கொஞ்சம் வீடுகள், நடுநடுவே முள் முளைத்த காலி மனைகள், அதற்கப்பால் மரவள்ளிக் காடு. என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை செய்கிறார். வண்டி வடக்கே கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் நானும் பள்ளிக்கூடம் போகிற மகளும்தான்.

துணைக்கு இருக்கட்டும் என்று ஒருமுறை வரும்போது அவர் ஒரு நாயைக் கூட்டி வந்தார். எங்கேயோ வேலை நடந்த இடத்தில் குட்டியாகக் கிடைத்து, லாரிக்கு அடியிலேயே வளர்ந்த நாய். டைகர் என்று பெயர். மனிதர்கள் யார் வந்தாலும் வாலாட்டும். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நக்கும். ஆனால் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் அது வேறு பிறவி. முதுகு மயிர் சிலிர்த்து, தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும். போன ஊரிலெல்லாம் அந்தந்த ஊர் நாய்களோடு சண்டை போட்டே வளர்ந்ததோ என்னவோ.

காம்பவுண்டுக்குள் அசிங்கம் பண்ணாத நாய் அது. அதனால் காலையும் மாலையும் கயிற்றில் கட்டி வெளியே கூட்டிப் போயே ஆகவேண்டும். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு கறவை மாடும் கொஞ்சம் ஆடுகளும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். அவர்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாய். குட்டைக் கால், மடங்கின காது, வயதும் ஆகிவிட்டது. அதைக் கட்டுவதே கிடையாது. நானும் டைகரும் தெருவில் வந்தால் போதும், எங்கிருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். டைகர் கயிற்றை இழுக்கிற இழுப்பில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். ஒருமுறை இல்லை, பலமுறை சொன்னேன்.

"அது ஒண்ணும் பண்ணாது அம்மிணி" என்பார் அவர்.

"உங்க நாய் பண்ணாதுங்க்கா. எங்க நாய் பண்ணும். அதனாலதான் சொல்றேன்."

"கட்டிப்போட்டா ஆட்டுப் பட்டிய யாரு பாக்கறது? காலைல நா பால் பீச்சற நேரம் அதுதான் காவலு."

அவர் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் நாய் கயிற்றில் இருக்கிறது, அவர் நாய் அவிழ்ந்து திரிகிறது. தப்பு யார் பேரில்? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நாளுக்கு நாள் எனக்குள் ஏறிக்கொண்டே போனது. செவலை தூரத்தில் தெரிந்தாலே நான் டைகரைத் திருப்பி இழுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுப் பக்கம் போய்விடுவேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நான்தான் தோற்றுப் போகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் மாலை பொறுக்க முடியாமல் போய்விட்டது. செவலை காலுக்குள் புகுந்து, டைகர் துள்ளி, நான் நடுரோட்டில் விழுந்தேன். முழங்கை தேய்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா ஓடி வந்து கை கொடுத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"நாய் வளக்கத் தெரியாதவங்க எதுக்குங்க்கா வளக்கறீங்க? மனுசங்க சொன்னா புரியாதா உங்களுக்கு?"

அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவர் செவலையின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. நியாயத்தைக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி.

மறுநாள் காலை வழக்கம்போல டைகரோடு கிளம்பினேன். மழை தூறி விட்டிருந்தது, ரோடெல்லாம் சேறு. பட்டி ஓரத்தில் செவலை எழுந்து சோம்பல் முறித்ததைப் பார்த்தேன். எப்போதும் திரும்பிப் போகிற இடம் அதுதான். அன்றைக்கு நான் திரும்பவில்லை. நேற்று அவ்வளவு சொல்லியும் கட்டவில்லை பார், நான் ஏன் ஒதுங்கிப் போகவேண்டும் என்று நேராக நடந்தேன். என்ன நடக்கும் என்று தெரியாமல் நடந்தேன் என்று சொன்னால் அது பொய்.

செவலை வாலாட்டிக்கொண்டுதான் வந்தது. டைகர் ஒரே தாவலில் அதன் கழுத்தைக் கவ்விவிட்டது.

நாய்ச் சண்டை என்றால் குரைப்பும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். டைகர் சத்தமே போடவில்லை. கவ்விய கழுத்தை விடாமல் உதறிக்கொண்டே இருந்தது. செவலை மட்டும்தான் கத்தியது, குழந்தை அழுகிற மாதிரி. நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க இரண்டு நாயும் சேர்ந்தே வந்தன. "டைகர், டைகர்" என்று கத்தினேன். அதன் வாய்க்குப் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நான் தினம் சோறு வைக்கிற நாய் அது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அக்கா சேற்றில் முட்டி போட்டிருந்தார். பால் பீச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருக்கிறார், கையெல்லாம் நுரை. அந்தக் கையை டைகரின் வாய்க்குள் விட்டிருந்தார். அவர் நாயை அடிக்கவில்லை, திட்டவில்லை. "உடு சாமி, உடு, உடு" என்று கெஞ்சினார். பல்லுக்கு நடுவில் மனிதக் கை என்று தெரிந்ததாலோ என்னவோ, டைகர் வாயைத் திறந்தது. காதை மடக்கி, வாலை இடுக்கி, என் காலுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது. அக்காவின் வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது.

டைகரைக் கொண்டுபோய் வீட்டில் அடைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அக்கா செவலையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கையை முந்தானையில் சுற்றியிருந்தார். அவர் வீட்டுக்காரர் முதல் மாட்டுப் பாலை ஏற்றிக்கொண்டு முன்னமே போய்விட்டிருந்தார். வழி நெடுக அக்கா பேசியதெல்லாம் நாயிடம்தான். "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு." என் முதுகில் ஈரம் படர்ந்தது. அது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் செவலைக்குத் தையல் போட்டுக்கொண்டே கேட்டார். "கடிச்ச நாய் எதும்மா?"

நான் குனிந்து செவலையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெருநாயிங்க. எங்கிருந்தோ வந்துச்சுங்க" என்றார் அக்கா.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஏனென்றால் டைகருக்கு அந்த வருடம் நான் வெறிநோய் ஊசி போடவில்லை. என் கணவர் ஊருக்கு வரட்டும், வந்து கூட்டிப் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். நாய் வளர்க்கத் தெரியுமா என்று பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டவள் நான்.

அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்கத்தில் இருந்த செவலையை வெளியே மரத்தடியில் படுக்கவைத்துவிட்டு உள்ளே போனோம். நர்ஸம்மா குழாயடியில் அக்காவின் கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். டாக்டர் வந்து, "தெரிஞ்ச நாயா, தெருநாயா? கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு எந்த இடைஞ்சலும் வரக்கூடாது என்று கழுத்தைத் திருப்பாமல் அவர் "தெரு..." என்று ஆரம்பித்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"எங்க நாய்ங்க டாக்டர். இந்த வருசம் ஊசி போடலைங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். டாக்டர் சத்தம் போடவில்லை. "இதை வந்ததும் சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி எழுதினார். காயத்தைச் சுற்றியே ஊசி குத்தினார்கள். அக்கா அப்போதுதான் ஒரே ஒரு முறை "அம்மா" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். செவலை அவர் மடியில் மயக்கத்தில் கிடந்தது.

"ஏனுங்க்கா பொய் சொன்னீங்க?"

"உன்ற ஊட்டுக்காரரு ஊர்ல இல்ல. நாளைக்கு நாலு பேரு வாசல்ல வந்து நின்னு, அந்த நாய அடிச்சுப் போடோணும்னு சொன்னா, பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே?" செவலையைத் தடவிக்கொண்டே, "நானும் கட்டிப்போட்டிருக்கோணும். நீ எத்தன தடவ சொன்னே. எம்பேர்லயும் பாதித் தப்பு இருக்குது" என்றார்.

எத்தனை மாதமாக அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு நான் வேண்டுமென்றே திரும்பாமல் நடந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். "வா, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று அவர் எழுந்துவிட்டார்.

கை ஆறும்வரை அவரால் பால் பீச்ச முடியவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். மாடு உதைத்த உதையில் சாணியில் விழுந்தேன். அவர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, "நீ சாணி அள்ளு அம்மிணி, போதும்" என்றார். அள்ளினேன். அவர் வெளியே போன நாட்களில் பால் சொசைட்டிக்குக் கேனைக் கொண்டுபோனேன். அக்காவும் கூட வருவார். கையில் என்ன கட்டு என்று அங்கே கேட்டார்கள்.

"மாட்டுக் கயிறு இழுத்துருச்சு" என்றார் அவர், சாதாரணமாக.

நான் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

பத்து நாள் டைகரை வீட்டுக்குள்ளேயே கட்டிப் பார்த்தேன். நல்லபடியாக இருந்தது. ஊசி போட்டாயிற்று. இப்போது வெளியே கூட்டிப் போகும்போது வாய்க்குக் கூடு மாட்டித்தான் கூட்டிப் போகிறேன். செவலையும் பிழைத்துவிட்டது, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் நடக்கிறது. நான் தெருவில் இறங்கும் நேரத்துக்கு அக்கா அதைக் கட்டிப்போட்டுவிட்டு, "போய்ட்டு வா அம்மிணி" என்று பட்டிக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறார்.

எங்கள் தெருவில் இன்றுவரை அந்தக் கை மாட்டுக் கயிற்றில்தான் கிழிந்தது. அக்காதான் மறைத்தார், அதனால் நானும் மறைத்தேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அன்று வேண்டுமென்றேதான் நடந்தேன் என்பதை அவரிடம் இந்தத் தைப்பொங்கலுக்கு முன்பு ஒருநாள் சொன்னேன். வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியும் அம்மிணி. நா பட்டிக்குள்ள இருந்து பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றார். பிறகு மறுபடி வைக்கோலை உதற ஆரம்பித்தார்.

தெரிந்தும்தான் எனக்காக இரண்டு இடத்தில் பொய் சொன்னார், பாதித் தப்பைத் தன் பேரில் எடுத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம், என் பக்கம்தான் நியாயம் என்று யாரிடமாவது வாயைத் திறக்கப் போகிற நான் பேச்சை விழுங்கிக்கொண்டு நின்றுவிடுகிறேன்.