மூன்று விரல் உயரம்

வலையபட்டியில் எங்கள் அப்பா செம்மலைக்குக் 'குனிஞ்ச படக்காரர்' என்று பெயர். அவருடைய காமிராவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேலே இருப்பது பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு. மூடியைத் திறந்து குனிந்தால் சதுரக் கண்ணாடியில் ஆள் இடம் வலமாக மாறித் தெரிவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், இது மட்டும் தலைகீழ்ப் பாடம்.

ரொம்பக் கிட்டப் போனால் மேல் லென்ஸ் பார்த்தது கீழ் லென்ஸில் முழுசாக விழாது. அறுபத்தாறில் கொத்தமங்கலத்தில், இறந்துபோன ஓர் அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படத்தில் நெற்றியே இல்லை.

"எங்காத்தா நெத்தி எங்கண்ணே?" என்று மகன் கேட்டானாம்.

அதிலிருந்து அப்பா கிட்டத்துப் படம் என்றால், எல்லாம் சரிபார்த்து, காமிராவை இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள மூன்று விரல் உயரம் தூக்கிவிட்டுத்தான் சொடுக்குவார். "சாமிக்குத் தீபாராதனை காட்டுறீகளாப்பா?" என்று நான் கேலி செய்வேன்.

எழுபத்திரண்டு ஆவணியில் பக்கத்துத் தெரு பெத்தன் மாமா செத்துப்போனார். ஆயுசுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளாத மனுஷர். அப்பாவும் நானும் படம் எடுக்கப் போனபோது பிலிமில் ஒரு படம்தான் மிச்சம். முந்தின நாள் ஐந்து படத்தை எங்கள் எருமைக்குச் செலவழித்திருந்தேன், அப்பாவுக்குத் தெரியாமல். காரைக்குடி போய்ப் புது ரோல் வாங்கி வரும்வரை பாடை காத்திருக்காது.

அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

"கிட்டப் போயி எடுங்கண்ணே. மூஞ்சி பெருசாத் தெரியணும்," என்றாள் மாமாவின் சம்சாரம் மீனம்மாள் அத்தை.

அப்பா குனிந்தார். காமிராவுக்குள் இருந்த சின்ன பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, மாமாவின் நெற்றியில் ஒட்டியிருந்த காசின் விளிம்பு துல்லியமாகும்வரை திருகினார். பிறகு மூன்று விரல் உயர்த்தினார். சதுரக் கண்ணாடியை எட்டிப் பார்த்த அத்தை பதறிப்போனாள்.

"தலைக்கு மேல சொவருல்ல தெரியுது! அவுக கீழ எறங்கிட்டாகளே!"

"இங்குட்டுத் தெரியிறது வேற, படத்துல விழுகுறது வேற தங்கச்சி. என்னைய நம்பு."

நான் கேலி செய்யவில்லை. அப்பா சொடுக்கினார்.

நாலாம் நாள் படத்தை அத்தையிடம் கொடுத்தோம். காசும் நெற்றியும் அதற்குமேல் கொஞ்சம் சுவரும் இருந்தன. அத்தை காசின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

"முழுசா வந்துட்டாக," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அதே ரோலில் இருந்த இன்னொரு படத்தை என்னிடம் நீட்டினார்.

"ஒன் எருமைக்குக் கொம்பு எங்க, சாலா?"

ஐந்திலும் இல்லை. ஒன்றை மட்டும் கிழிக்காமல் என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.