"ஏன் மருத்துவத்தை விட்டனீர்?"

சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடுற தொழிலுக்குச் சட்டம் தெரிஞ்சால் மட்டும் காணாது. இடையிலை படிப்பை மாத்தின ஆளெண்டால் தடுமாறாமல் கதைக்கவும் தெரிய வேணும். நான் மருத்துவத்தைப் பாதியிலை விட்டிட்டுச் சட்டத்துக்கு மாறினவள். என்னைப் போலப் பாடம் மாத்திப்போட்டு முழிச்சுக்கொண்டிருக்கிற சகோதரங்களே, இது உங்களுக்குத்தான். ஒரு இடமும் கிடைக்காட்டில், விசயம் வெளியிலை வந்து, "அதையும் விட்டாள், இதையும் விட்டாள்" எண்டு எங்கடை ஊர் இறுப்பிட்டி முழுக்கக் கதைக்கும். அந்தப் பயத்திலை எனக்குச் சோறு இறங்கேல்லை.

காணாமல் போன மூண்டு வருசம்

முதல் விண்ணப்பத்திலை மருத்துவ பீடத்தைப் பற்றி மூச்சே விடேல்லை. எழுதினால்தானே கேப்பினம் எண்டு என்ரை மூளை! யாழ்ப்பாணத்திலை நேர்முகம். கதிரை நுனியிலை இருந்தனான். முன்னாலை இருந்த ஐயா என்ரை விண்ணப்பத்தை வாசிச்சுப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் துடைச்சு முடியுமட்டும் எனக்கு உயிரில்லை.

"பள்ளிக்கூடம் முடிஞ்சு மூண்டு வருசம் எங்கை இருந்தனீர், பிள்ளை? மறியலிலை கம்பி எண்ணினனீரோ?"

நயினாதீவு வள்ளம்

அந்த இடம் போச்சு. "அம்மாளாச்சியிட்டைப் போட்டு வருவம்" எண்டா அம்மா. எனக்கு மருத்துவம் கிடைக்க வேணுமெண்டு நயினாதீவு அம்மன் கோயிலிலை நேர்த்தி வைச்ச மனுசி அவ. நான் விட்ட கதையை அவ ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. குறிகட்டுவான் துறையிலை வள்ளம் ஏறினால், எல்லாம் தெரிஞ்ச முகங்கள்.

நடுக்கடலிலை, விரதம் இருந்து வந்த ஒரு அண்ணை தலை சுத்திச் சரிஞ்சு விழுந்தார். "டொக்டர் பிள்ளை நிக்குது, விலத்துங்கோ!" எண்டு என்னைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளிச்சினம். அம்மா என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அந்த அண்ணையின்ரை கால் ரெண்டையும் உயத்திப் பிடிச்சன், காத்துப் பட விடச் சொன்னன். அதுக்கு மேலை கை ஓடேல்லை. மனுசனுக்கு ஏதும் நடந்தால்? உண்மையைக் கக்கிப்போட்டன்: "ஐயோ, நான் டொக்டர் இல்லை! அதை விட்டிட்டுச் சட்டம் படிச்சனான்." கீழை கிடந்த அண்ணை மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு, தங்கச்சி. பக்கத்து வீட்டான் என்ரை காணிக்குள்ளை வேலி போட்டிட்டான்."

தவணை

அதுக்குப் பிறகு ஒளிக்க என்ன கிடக்கு? கொழும்பிலை ஒரு நிறுவனத்துக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பினன், கூப்பிட்டிச்சினம். வயசான ஒரு பெண் சட்டத்தரணி, எங்கடை பக்கத்து ஆள்தான், "ஏன் மருத்துவத்தை விட்டனீர்?" எண்டு நேரை கேட்டா. "சின்ன வயசிலையிருந்து சட்டத்திலை ஆர்வம்" எண்டு பாடமாக்கி வைச்ச மறுமொழி வாயிலை வரேல்லை. ஆசுப்பத்திரி வாட்டிலை ஒருத்தர் மூச்சிழுக்கேக்கை, அவரின்ரை பெண்சாதி என்ரை கையைப் பிடிச்சு "தப்புவாரோ, பிள்ளை?" எண்டு கேட்டதைச் சொன்னன். மறுமொழி சொல்ல ஏலாமல் கையை உதறிப்போட்டு ஓடினதையும் சொன்னன்.

"கோட்டிலை எண்டால் வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேக்கலாம், மேடம். உயிருக்குத் தவணை கேக்க ஏலாது. பயந்துதான் விட்டனான்." சொன்ன உடனை எனக்குக் கண் கலங்கிப் போச்சு. இதுவும் போச்சு, இனி ஊருக்கு எந்த முகத்தோடை போறது? அவ என்ரை விண்ணப்பத்தை மூடி வைச்சா.

"தவணை கேட்டுக் கேட்டே கட்சிக்காரர் செத்துப் போறதை இஞ்சை வந்து பாரும், பிள்ளை. திங்கக்கிழமை காலமை வாரும். அந்தப் பயத்தையும் கொண்டு வாரும்."

சேர்ந்திட்டன், பயம் ஒரு துளியும் குறையேல்லை, இப்ப அதுக்குச் சம்பளம் தருகினம், அவ்வளவுதான்.