வெள்ளை எள்ளில் சிவப்பு

செகந்திராபாத் லோத்குண்டாவில் பத்மஜாவின் வீட்டுக்குப் பால் ஊற்றியவர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள். யாரையும் அவள் நிறுத்தவில்லை, அவர்களே நின்றுகொண்டார்கள். பாத்திரத்தை நீட்டும் அம்மாள் பாலை முகர்ந்து பார்ப்பதோடு விடாமல், மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்று தினம் தெலுங்கில் விசாரணை நடத்தினால் எந்தப் பால்காரருக்குத்தான் பொறுக்கும்? கடைசியில் பாக்கெட் பால் வந்தது. அதன் மீதும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பாக்கெட்டைக் கேள்வி கேட்க முடியாதே என்று விட்டுவிட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நாச்சாரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை. மஞ்சள் தூள், இருமல் மருந்து, குழந்தைகளின் பவுடர், பொம்மைக்கு அடிக்கும் பெயின்ட் என்று எல்லாம் அவள் மேஜைக்கு வரும். ஒரு பொருளில் கலந்து கிடப்பவற்றைக் குரோமட்டோகிராஃப் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து அனுப்பும். கல்யாணக் கூட்டத்தை ஒற்றைக் கதவு வழியாக வரிசையில் விடுவது மாதிரி. அந்தக் கதவில் நின்று, வருகிறவரை எடை போட்டு இன்னார் என்று சொல்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆள் இருந்தால் திரையில் ஒரு முகடு எழும், இல்லாவிட்டால் கோடு படுத்தே கிடக்கும். மனிதர்கள் வாயால் சொல்வதைவிட அந்த முகட்டைத்தான் பத்மஜா நம்பினாள்.

"என்னையும் ஒருநாள் அந்த மெஷின்ல ஏத்திப் பாத்துடேன்" என்பார் அவள் கணவர் அனந்தராமன். அவர் பாதுகாப்புத் துறை ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட்.

"ஏத்தினா என்ன வரப்போறது? வெத்தலை, சீவல், கொஞ்சம் பொய்."

இப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஒரே பொருள் ரமணியின் சாம்பார்ப் பொடி. ரமணி பொள்ளாச்சிக்கார அம்மாள். திருமுல்கேரியில் இரண்டு அறை எடுத்து, தமிழ்க் குடும்பங்களுக்குப் பொடி அரைத்துக் கொடுத்து வந்தார். எட்டு வருஷமாக வறுப்பது மட்டும் அவரிடம் வேலை பார்க்கும் உஷாவின் கை. ரமணியை நம்புவதற்கு முன் பத்மஜா அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மிளகாய் வாணலிக்குப் போவது முதல் பாக்கெட் ஒட்டுவது வரை பார்த்திருக்கிறாள். உஷா அவளைப் பொருட்படுத்தவே இல்லை. கடைசிக் கைப்பிடி கறிவேப்பிலையை வாணலியில் போட்டுப் புரட்டினாள், வாசனை தெருவுக்கே போயிற்று.

இரண்டாயிரத்து ஐந்தில் தசரா அக்டோபரில் வந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் எல்லா எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. சீனியர் என்பதால் பொட்டு வைக்கும் உரிமை பத்மஜாவுக்கு. கோடி ரூபாய் எந்திரத்திலிருந்து தராசு, மிக்ஸி வரை ஒன்றையும் விடாமல் வைத்தாள். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் வந்த சாம்பிள்களில் ஒன்று நானூற்றுப் பதினேழு. யார் அனுப்பியது என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனால் பையைப் பிரித்ததுமே கறிவேப்பிலை வாசனை. ரமணியின் பொடி. லண்டனில் ஒரு தமிழ்க் கடைக்கு முதல்முறையாக இருநூறு கிலோ அனுப்பப் போவதாக ரமணி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது மிளகாய்ச் சரக்கு என்றாலே ஐரோப்பாவில் சூடான் சாயம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் போடுகிற சிவப்புச் சாயம் அது. சாப்பாட்டில் இருக்கவே கூடாது.

தெரிந்தவர் சரக்கு என்பதாலேயே பத்மஜா கூடுதல் கறாராக இருந்தாள். பொடி கொரகொரப்பாக இருந்ததால், வழக்கப்படி மிக்ஸியில் இன்னொரு தடவை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி ஏற்றினாள். அதற்கு முன் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். கோடு அசையவில்லை, எந்திரம் சுத்தம். அடுத்து நானூற்றுப் பதினேழு ஓடியது. சூடான் சாயம் வர வேண்டிய நிமிஷத்தில் ஒரு முகடு எழுந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடி எழுந்தது. தகுதி இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சமையலறைக்குப் போய்ப் பொடி டப்பாவை எடுத்தாள்.

"ஏன்னா, இனிமே இதத் தொடாதீங்கோ."

"நேத்துக்கூட உருளைக்கிழங்கு கறிக்குப் போட்டியே. நன்னா இருந்துதே."

"நன்னாதான் இருக்கும். சாயத்துக்கு ருசி கிடையாது."

மறுநாள் அதே டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். தன் வீட்டு வேலைதானே என்று அரைக்காமல் அப்படியே ஊறவைத்து ஏற்றினாள். ஒன்றும் வரவில்லை. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் சற்று நின்று யோசித்திருப்பார். பத்மஜாவுக்குச் சந்தேகம் ஒரே ஓட்டமாக ஓடியது. அக்கம்பக்கத்துக்கு நல்ல பொடி, கப்பலில் போவதற்குச் சாயப் பொடி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகூட நாடகம்தானோ என்று தோன்றிவிட்டது. வாடிக்கையாளரிடம் பேசக் கூடாது என்பது கூடத்தின் விதி. அதையும் மீறி, சாயங்காலம் திருமுல்கேரியில் ஆட்டோவை விட்டு இறங்கினாள்.

ரமணி கையில் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். வாணலிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. லண்டன்காரர் ஒரு மாதம் பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு வேறு ஆளைத் தேடுவதாகவும் எழுதியிருந்தாராம்.

"வீட்டுக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்கு ஒண்ணா ரமணி?" என்றாள் பத்மஜா.

"என்னங்க மேடம் சொல்றீங்க? ஒரே வாணலிங்க. உங்களுக்குக் கொடுத்ததும் அதுலதான்."

"மெஷின் பொய் சொல்லாது."

ரமணிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துதான் போகும். "அப்படிங்களா. சரி, வெள்ளை எள்ளைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. உங்க மெஷின் அதையும் செவப்புன்னுதான் சொல்லும்."

அந்தப் பேச்சு பத்மஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்ற ஒரே வீம்பில், மறுநாள் வீட்டிலிருந்து கால் கிலோ வெள்ளை எள் கொண்டுபோனாள். ரமணியின் பொடிக்குச் செய்ததை எல்லாம் ஒரு படி விடாமல் எள்ளுக்கும் செய்தாள். மிக்ஸியில் அரைத்தாள், ஊறவைத்தாள், வடிகட்டினாள், ஏற்றினாள். திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதே நிமிஷத்தில் அதே முகடு எழுந்தது.

வெள்ளை எள்ளுக்கு யாரும் சிவப்புச் சாயம் ஏற்ற மாட்டார்கள். பத்மஜா எழுந்து போய் மிக்ஸியின் மூடியைக் கழற்றினாள். ஊசியால் நெம்பி ரப்பர் வளையத்தை எடுத்தாள். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு. ஆயுத பூஜையன்று மூடியில் அவள் வைத்த பொட்டு, ஈரத்துணியால் துடைத்தபோது பள்ளத்துக்குள் ஒதுங்கியிருக்கிறது. வழித்து எடுத்து அதையும் ஓட்டிப் பார்த்தாள். பூஜைக்கு வாங்கிய மலிவு குங்குமத்தில் சூடான் சாயம் இருந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போகாத சாயம், மிளகாயின் எண்ணெயிலும் எள்ளின் எண்ணெயிலும் கரைந்து இறங்கியிருக்கிறது. வெறும் கரைப்பான் மிக்ஸிக்குள் போகவே இல்லை, வீட்டுப் பொடியும் போகவில்லை. ஊரில் உள்ள பால்காரர்களை எல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன் மோதிர விரல்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

நானூற்றுப் பதினேழை மிக்ஸியில் போடாமல் பீங்கான் கல்வத்தில் அரைத்து ஓட்டினாள், கோடு அசையவில்லை. நேராக மேனேஜர் விஸ்வநாத்தின் அறைக்குப் போனாள்.

"மறுபரிசோதனையில தேறிடுச்சுன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம் மேடம்" என்றார் அவர். "காரணம் எல்லாம் எதுக்கு? நம்ம பழைய ரிப்போர்ட்டையும் சேத்து சந்தேகப்படுவாங்க."

"படட்டும். அந்த வாரம் மிக்ஸியில போன எல்லாத்தையும் நான் திரும்பப் பண்றேன். ஆனா காரணம் எழுதணும். என் பேரும் போடணும்."

இரண்டு நாள் வாதாடிய பிறகு அப்படியே எழுதினார்கள். புது அறிக்கையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். ரமணி அதை இரண்டு முறை படித்தார். இருநூறு கிலோவும் போய்விடும், லண்டன்காரர் காத்திருக்கிறார். ஆனால் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"உஷாவை அனுப்பிச்சுட்டனுங்க" என்றார். "மொளகா வாங்குன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அவதான் வாங்குனா. விலை கொறஞ்ச சரக்கை வாங்கி மீதிய எடுத்துக்கிட்டயான்னு கேட்டுப்போட்டேன். புடவைய உதறிக்கிட்டுப் போயிட்டா. நான் போய்க் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்லைங்க."

சந்தேகம் தன்னோடு நிற்கவில்லை என்பது பத்மஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விலாசம் கேட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் நடந்தாள்.

உஷா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது அவள் தமிழில் கலந்து வரும். கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நெற்றியில் வட்டமாகக் குங்குமம் இருந்தது.

"கைக்கு வந்தீங்க மா? பொடின்னா ரமணியம்மாவக் கேளுங்க. எனக்கு அந்த வேலை நக்கோ."

பத்மஜா அறிக்கையை நீட்டினாள். உஷாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?"

"உங்க பேர் இல்ல. தப்பு என்னோடது. இதோ, என் பேரு போட்டிருக்கு பாருங்கோ."

உஷா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"முதல்ல வந்த பேப்பர்லயும் என் பேரு இல்லதான் மா. அப்பவும் என்னைத்தானே அனுப்புனாங்க."

மன்னிச்சுக்கோங்கோ என்று பத்மஜா சொன்னாள். அது அவள் காதிலேயே சரியாக விழவில்லை. வெயிலில் வந்த மனுஷி என்று நினைத்தாளோ என்னவோ, உஷா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பத்மஜா டம்ளரை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில், பழக்க தோஷத்தில், மூக்கருகே கை ஒரு நொடி நின்றது. உஷா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.